கண்ணிழந்த பாடகர் கிருஷ்ண சந்திர தே



இன்று நாம் நினைவுகூர இருக்கும் கலைஞர் வங்கநாட்டைச் சேர்ந்தவர். கிருஷ்ண சந்திர தே என்பது அவர் பெயர். சங்கீத ரசிகர்கள் கே. சி. தே என்று சுருக்கி வழங்குவர். பாடகராகவும், நாடக நடிகராகவும், திரைப்பட நடிகராகவும், இசையமைப்பாளராகவும், இசையாசிரியராகவும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுக்காலம் தொழில் புரிந்தவர் அவர். இத்தனையும் அவர் செய்தது கண்பார்வை அறவே இல்லாமல். கண்ணிழந்த மனிதர் ஒருவர் பாடகராவது நம் நாடுகளிலே புதுமையன்று. ஆனால், பிறர் இரக்கத்தில் ஒதுங்கி வாழாமல், தம் வித்தையைத் தொழிலாகக் கொண்டு, அந்தத் தொழிலையே அடுத்த தலைமுறைக்குக் கையளித்துச் சென்றவர் என்ற வகையில் இவருடைய வாழ்க்கை நாம் சற்று நின்று நோக்கத்தக்கது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டின் தொடக்கத்தில், கல்கத்தா நகரிலே அவர் பிறந்தார். கண்ணபிரான் அவதரித்த ஜன்மாஷ்டமி நன்னாளில் பிறந்தமையால் கிருஷ்ணன் என்று பெயரிட்டார்கள் என்பர். பிறவியிலே அவர் குருடரல்லர். உலகத்தின் நிறங்களையும் வடிவங்களையும் கண்டு வளர்ந்த பிள்ளை. பதின்மூன்று பதினான்கு வயதளவில் அவருடைய கண்ணொளி முற்றாக மறைந்தது. பிறவிக் குருட்டுக்கும் இடையில் வந்த குருட்டுக்கும் வேறுபாடு உண்டு. முன்னையவர்க்கு இருள் பழக்கமானது. பின்னையவர்க்கோ அது ஓர் இழப்பு. பள்ளிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்த சிறுவனுக்கு, ஒருநாள் அந்தப் புத்தகம் வெறும் தாளாகிவிட்டால் அவன் மனம் என்ன பாடுபடும் என்பதை நாம் ஊகிக்கலாம்.

நூறு ஆண்டுகளுக்கு முன் இத்தகைய பிள்ளைக்குச் சமுதாயம் காட்டிய வழிகள் இரண்டே. ஒன்று, வீட்டின் மூலையிலே உட்காரவைத்துச் சோறு போடுவது. மற்றொன்று, கோயில் வாசலிலோ இரயில் நிலையத்திலோ பாடிப் பிச்சை எடுக்க விடுவது. பாட்டுக்கும் குருட்டுக்கும் மக்கள் மனத்திலே முடிச்சுப் போட்டு வைத்ததே இந்த இரண்டாவது வழிதான். ஆயினும் மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அதுதான் கல்வி. அதற்குத் தமிழிலே மிகப் பழைய சான்று இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரராகவ முதலியாரை அந்தகக்கவி என்றே தமிழுலகம் அழைக்கிறது. முதுகிலே எழுத்துக்களை எழுதிக் காட்டச் செய்து அவர் எழுத்தறிந்தார் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். கடல் கடந்து ஈழநாட்டுக்கு வந்து, பரராசசேகர மன்னன் அவையிலே பாடிப் பரிசு பெற்றார் என்றும் அவ்வரலாறு கூறும். அண்மைக் காலத்தில், கும்பகோணத்தில் வாழ்ந்த சரப சாஸ்திரிகள் இளமையிலேயே பார்வையிழந்தவர். 1872 முதல் 1904 வரை முப்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்தார். அதற்குள் புல்லாங்குழலைக் கருநாடக இசைக் கச்சேரியின் தனி வாத்தியமாக உயர்த்திவிட்டார். பல்லடம் சஞ்சீவராவ் அவருடைய மாணாக்கர். இவ்விருவரையும் காத்தது எது? யாரோ ஒருவர் பொறுமையோடு கற்பித்ததும், அவர்கள் பொறுமையோடு கற்றதுமே.

கிருஷ்ண சந்திரருக்கும் அந்த நற்பேறு வாய்த்தது. இந்துஸ்தானி சங்கீதத்தின் கியால், டப்பா முதலிய முறைகளை அவர் ஆசிரியர் பலரிடம் செவிவழியே கற்றார். சுரக் குறிப்பைப் பார்த்துப் பாட அவரால் இயலாது. ஆதலின் கேட்டதை மனத்திலே பதித்துக்கொள்வதொன்றே வழி. இவற்றோடு அவர் கற்ற மற்றொன்று வங்கக் கீர்த்தனை.

கீர்த்தனை என்றதும் தியாகராஜ சுவாமிகளின் கிருதிகள் நம் நினைவுக்கு வரும். வங்கத்திலே அச்சொல்லின் பொருள் வேறு. இராதை கண்ணன் காதலைப் பொருளாகக் கொண்ட பழைய பதங்களை, கோல் என்னும் மண் மத்தளமும் கைத்தாளமும் முழங்கப் பாடுவதே அங்குக் கீர்த்தனை. பாடகர் பதத்தை அப்படியே ஒப்புவித்துப் போவதில்லை. ஓரடியைப் பாடி நிறுத்தி, அதன் உட்பொருளைத் தம் சொந்தச் சொற்களால் இசையோடு விரித்துரைத்து, மீண்டும் மூலத்துக்கு வருவார். இந்த இடைச்சேர்க்கையை ஆகர் என்பர். நம் ஊர்க் கதாப்பிரசங்கத்தையும் பஜனையையும் ஒன்றாகக் குழைத்தது போன்றது என்று சொல்லலாம். இதற்குக் குரல் வளம் மட்டும் போதாது. கேட்போர் நெஞ்சம் எவ்விடத்தில் இளகுகிறது, எவ்விடத்தில் சோர்கிறது என்பதை உணரும் நுண்ணறிவும் வேண்டும். கண்ணில்லாத ஒருவர் சபையின் முகங்களைப் பாராமலே, அதன் மூச்சையும் மௌனத்தையும் கொண்டு அதை அறிந்தார். கிருஷ்ண சந்திரர் கீர்த்தனையிலே பெற்ற புகழ்தான் அவருக்கு நிலையான புகழாயிற்று.

கல்கத்தாவின் பெருங்குடி மக்களின் மாளிகைகளில் நடந்த இசையரங்குகளில் அவர் பாடினார். கிராமபோன் இசைத்தட்டுகளில் அவர் குரல் பதிவாகி வங்கம் முழுவதும் பரவியது. அவர் பதிந்தவை அறுநூறு பாடல்கள் அளவில் இருக்குமென்று கணக்கிடுவர். பெரும்பாலானவை வங்காளி, ஹிந்தியும் உருதுவும் குஜராத்தியும் அவற்றிடையே உண்டு. கண்ணனின் பெயரைத் தாங்கி, கண்ணன் பாடலால் பேர்பெற்ற இவர், நபிகள் நாயகத்தைப் போற்றும் நாத் என்னும் பாடல்களையும் பாடிப் பதிந்திருக்கிறார் என்பது அவருடைய விரிந்த உள்ளத்துக்குச் சான்று.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். அவ்விசைத்தட்டுகளின் முகப்பில் அவர் பெயரை அடுத்துக் குருட்டுப் பாடகர் என்ற அடைமொழி அச்சிடப்பட்டிருந்தது. பொது மக்கள் அவரை அன்போடு கானா கேஷ்டோ என்று அழைத்தார்கள். கேஷ்டோ என்பது கிருஷ்ணன் என்பதன் பேச்சு வழக்கு. கானா என்பதற்குக் குருடன் என்று பொருள். அன்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால், கண்ணுடைய எந்தப் பாடகரது இசைத்தட்டிலாவது அவருடைய உடற்குறை ஒன்றை விளம்பரமாக அச்சிட்டார்களா? வித்தையைக் கேட்பதற்கு முன்னே குறையைக் காட்டுவது உலகத்தின் வழக்கம். அந்த வழக்கத்தோடு கிருஷ்ண சந்திரர் தம் வாழ்நாள் முழுவதும் உடன் நடக்க வேண்டியிருந்தது.

நாடக மேடைக்கு அவர் வந்ததும் இசையின் துணை கொண்டுதான். வங்க நாடக உலகில் புதுயுகம் தோற்றுவித்தவர் சிசிர்குமார் பாதுரி. அவர் 1924ஆம் ஆண்டில் அரங்கேற்றிய சீதை என்ற நாடகத்தில், வைதாளிகன் வேடத்தில் கிருஷ்ண சந்திரர் தோன்றிப் பாடினார். அரசனைத் துயிலெழுப்பியும் புகழ்ந்தும் பாடுபவன் வைதாளிகன். நம் இலக்கியத்தில் வரும் சூதரும் மாகதரும் போன்றவன். சீதையின் துயரம் மேடையிலே நிகழ, அத்துயரத்துக்குக் குரல் கொடுப்பது அவர் பணி. அவருடைய பாட்டுக்காகவே நாடகம் பார்க்க வந்தவர்கள் பலர்.

கண்ணில்லாதவர் மேடையில் நடிப்பது எளிதன்று. திரை எங்கே இருக்கிறது, மேடை எங்கே முடிகிறது, உடன் நடிப்பவர் எத்திசையில் நிற்கிறார் என்பவற்றையெல்லாம் காலடிக் கணக்காலும் ஒலியாலும் அறிந்துகொள்ள வேண்டும். ஒரு காலடி தவறினால் விபத்து நேரும். அவர் நடிகராக மட்டும் நின்றுவிடவில்லை. 1931ஆம் ஆண்டில் கல்கத்தாவில் தோன்றிய ரங்மகால் என்னும் நாடக அரங்கை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். பிறர் தயவில் மேடையேறிய மனிதர், பிறருக்கு மேடை அமைத்துக் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தார்.

அதே 1931ஆம் ஆண்டில்தான் இந்தியாவில் பேசும்படம் பிறந்தது. கல்கத்தாவில் பி. என். சர்க்கார் நியூ தியேட்டர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். படம் பேசத் தொடங்கியதும், பாடத் தெரிந்தவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது. 1932இல் தேவகி போஸ் இயக்கிய சண்டிதாஸ் என்ற படத்தில் கிருஷ்ண சந்திரர் நடித்துப் பாடினார். அடுத்த ஆண்டு, பூரண் பகத் என்ற ஹிந்திப் படம் வந்தது. 1935இல் பரூவா இயக்கிய தேவதாஸ் படத்தில் அவர் குரல் ஒலித்தது. 1937இல் வெளிவந்த வித்யாபதி படத்தில், மைதிலிக் கவிஞன் வித்யாபதியோடு உடன் வரும் மதுசூதனன் என்ற பாத்திரம் அவருக்குக் கிடைத்தது. கானன் தேவியும், பகாடி சன்யாலும், பிருதிவிராஜ் கபூரும் நடித்த அப்படத்திலே, அவர்களுக்கு இணையாக இந்தக் கண்ணிழந்த கலைஞரும் மதிக்கப்பட்டார்.

எனினும் மேலே சொன்ன வழக்கம் இங்கும் அவரை விடவில்லை. படங்களிலே அவருக்கு வந்து சேர்ந்தவை கண்ணில்லாத பாத்திரங்கள். குருட்டுப் பிச்சைக்காரன், குருட்டுப் பக்தன், குருட்டுப் பாடகன் என்று அந்த வட்டம் சுழன்றது. கண்ணுள்ள நடிகன் குருடனாக நடிக்கலாம். குருட்டு நடிகன் கண்ணுள்ளவனாக நடிக்க உலகம் இடந்தருவதில்லை. அவர் செய்ததெல்லாம், கிடைத்த அச்சிறு வட்டத்துக்குள்ளே நின்று, அந்தப் பாத்திரத்தை இரங்கத்தக்கவனாக்காமல் அறிவுரை கூறத் தக்கவனாக ஆக்கியதே. அவர் பாடிய புகழ்பெற்ற பாடல்களின் கருத்தை நோக்குங்கள். உன் மூட்டையிலே திருடன் புகுந்துவிட்டான், விழித்துக்கொள் என்று ஒரு பாடல் எச்சரிக்கும். மனக்கண்ணைத் திற என்று மற்றொரு பாடல் வேண்டும். கண்ணில்லாதவர் கண்ணுள்ளவரைப் பார்த்து விழித்துக்கொள் என்று சொல்லும்போது, கேட்பவர் இரங்குவதை மறந்து தம்மை நினைத்துப் பார்க்கிறார்.

இவ்விரு பாடல்களும் இடம்பெற்ற படம் தூப் சாவ்ன். நிதின் போஸ் இயக்கத்தில் 1935இல் வெளிவந்தது. பாக்ய சக்ர என்பது அதன் வங்க வடிவம். இரண்டிலும் கிருஷ்ண சந்திரர் சூர்தாஸ் என்ற குருட்டுப் பாடகனாக வருகிறார். இந்தியத் திரைப்பட வரலாற்றிலே இப்படத்துக்குத் தனியிடம் உண்டு. பின்னணிப் பாடல் முறை முதன்முதலில் கையாளப்பட்ட படமென்று இதனையே பொதுவாகக் குறிப்பிடுவர். அதுவரையில் படப்பிடிப்பின்போதே நடிகர் பாட, அந்த இடத்திலேயே ஒலியும் பதிவாகும். ஆகவே பாடத் தெரியாதவர் கதாநாயகர் ஆதல் அரிது. இப்படத்திலோ சில பாடல்களை முன்னதாகவே பதிந்து, பின்னர் அவற்றுக்கு ஏற்ப உதடசைத்து நடிக்கச் செய்தார்கள். குரல் வேறு, முகம் வேறு என்ற பிரிவு அன்று தொடங்கியது. இன்று நாம் கேட்கும் திரைப்பாடல்கள் யாவும் அந்தப் பிரிவின் மேல் எழுந்தவையே.

கே. எல். சைகாலும் பங்கஜ் மல்லிக்கும் அதே நிறுவனத்தில் அவருடன் பணியாற்றிய பாடகர்கள். இவர்கள் காலத்துப் பாடல்கள் பிற்காலத்தில் நீண்ட ஆயுள் பெற்றதில் நம் நாட்டு வானொலிக்கும் பங்குண்டு. 1952ஆம் ஆண்டளவில் இந்திய வானொலி திரைப்படப் பாடல்களைப் பெரிதும் குறைத்தபோது, கொழும்பிலிருந்து சிற்றலையில் ஒலித்த இலங்கை வானொலியின் ஹிந்தி ஒலிபரப்பையே இந்தியா எங்கும் மக்கள் நாடினார்கள். அதன் காலைநேரப் பழைய பாடல் நிகழ்ச்சி சைகாலின் பாடலோடு நிறைவுறுவது வழக்கமாக இருந்தது. முகம் அறியாத குரலுக்கு நெஞ்சிலே இடந்தருவது வானொலி நேயரின் இயல்பு. வானொலியின் முன்னே எல்லோரும் செவியாலேயே காண்கிறோம். கிருஷ்ண சந்திரரின் குரலுக்குரிய உண்மையான அரங்கம் இதுவே. இங்கே அவருக்குக் குருட்டு வேடம் தரித்துப் பாட வேண்டிய கட்டாயம் இல்லை.

1942ஆம் ஆண்டில் அவர் பம்பாய் சென்றார். அங்கே படங்களுக்கு இசையமைத்தார். அவருடன் சென்றவர் அவருடைய தமையனின் மகன் பிரபோத் சந்திர தே. இளமையிலிருந்தே சிற்றப்பாவிடம் பாடம் கேட்டவர். பம்பாயில் அவருக்கு உதவியாளராக இருந்தவர். அதே ஆண்டில் தமன்னா என்ற படத்தில், சிற்றப்பாவின் இசையமைப்பில், சுரையாவோடு இணைந்து முதற்பாடலைப் பாடினார். அவரைத்தான் இந்தியா முழுவதும் மன்னா தே என்று அறியும். தமிழ் நேயர்களுக்கும் அவர் அந்நியரல்லர். 1965இல் வெளிவந்த செம்மீன் என்ற மலையாளப் படத்தில், சலீல் சௌதுரியின் இசையில் கடற்கரைக் காதலனின் ஏக்கத்தைப் பாடிய குரல் அவருடையது. 2007ஆம் ஆண்டுக்குரிய தாதாசாகிப் பால்கே விருது அவருக்கு வழங்கப்பட்டது. 2013இல் அவர் மறைந்தார்.

மற்றொரு மாணாக்கர் சச்சின் தேவ் பர்மன். திரிபுரா அரச குடும்பத்தில் தோன்றிய அவர் 1920களில் கல்கத்தாவில் கிருஷ்ண சந்திரரிடம் இசை பயின்றார். பின்னர் ஹிந்தித் திரையிசையின் முன்னணி இசையமைப்பாளராக விளங்கி 1975இல் மறைந்தார். இந்த இருவரும் ஒன்று சேர்ந்த இடம் ஒன்று உண்டு. 1950இல் வெளிவந்த மஷால் என்ற படத்துக்குப் பர்மன் இசையமைத்தார். அதில் மன்னா தே பாடிய பாடல்தான் அவருக்கு முதன்முதலாகப் பெரும்பெயர் ஈட்டித் தந்தது. குருவின் மாணாக்கர் குருவின் மைந்தனைக் கைதூக்கிவிட்டார். கிருஷ்ண சந்திரர் அதனைத் தம் செவியாலே கேட்டு மகிழும் காலத்திலேயே இது நிகழ்ந்தது. குருட்டுப் பாடகர் என்ற அடைமொழி இந்த மாணாக்கர்களைத் தொடரவில்லை. அவர் கொடுத்த வித்தை மட்டுமே தொடர்ந்தது. 1962ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் கல்கத்தாவில் அவர் உயிர் நீத்தார்.

அவர் நடித்த படங்களுக்கு நேர்ந்த கதியும் நினைக்கத்தக்கது. 1940இல் நியூ தியேட்டர்ஸ் நிறுவனத்தில் ஏற்பட்ட தீ, பல படங்களின் மூலச் சுருள்களை அழித்துவிட்டது. முகத்தைக் காட்டிய சுருள் எரிந்தது. குரலைத் தாங்கிய இசைத்தட்டு நிலைத்தது. கண்டி மாவட்டத்துத் தெல்தெனியவை அறிந்த நேயர்களுக்கு இது எளிதில் விளங்கும். மகாவலி கங்கைக்குக் குறுக்கே 122 மீற்றர் உயரமாக எழுந்து, 1985இல் திறந்துவைக்கப்பட்ட விக்டோரியா அணைக்கட்டினால், பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் அமிழ்ந்தது. கடைவீதியும் வழிபாட்டிடங்களும் கண்ணுக்கு மறைந்தன. மழை பொய்த்து நீர் வற்றும் ஆண்டுகளில் அவற்றின் சிதைவுகள் வெளியே தோன்றும். பழைய ஊரவர் சென்று பார்த்து, இது இன்னாருடைய கடை, இது இன்ன வீதி என்று பிள்ளைகளுக்குச் சொல்வர். மறைந்ததைச் சொல்லி வைப்பவர் உள்ளவரை அது முற்றாக அழிவதில்லை. பழைய இசைத்தட்டிலிருந்து எழும் கிருஷ்ண சந்திரரின் குரலும் அத்தகையதே.

தெல்தெனியவிலோ, ரங்கலைத் தோட்டப் பகுதியிலோ, வேறெந்த மலையகச் சிற்றூரிலோ விழிப்புலன் இழந்த பிள்ளை ஒன்று இன்று இருக்கக்கூடும். அப்பிள்ளைக்கு வழியில்லை என்று இக்காலத்தில் எவரும் சொல்ல இயலாது. புள்ளி எழுத்து முறையை லூயி பிரெயில் 1829இலேயே நூலாக வெளியிட்டுவிட்டார். இரத்மலானையில் செவிப்புலன், விழிப்புலன் இழந்தோருக்கான பாடசாலை 1912இல் தோன்றியது. வடக்கே கைதடியில் நவீல்ட் பாடசாலை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் காக்கும் சட்டம் 1996இல் நிறைவேறியது. ஆயினும் பாடசாலை இருப்பது வேறு. பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது வேறு. பாவம், இதற்குக் கண்ணில்லை, தூர இடத்தில் எப்படி இருக்கும் என்று தாயின் உள்ளம் தயங்கும். தயக்கம் அன்பிலிருந்து பிறப்பதுதான். ஆனால் ஆண்டுகள் அதற்காகக் காத்திருப்பதில்லை. ஏழு வயதில் தொடங்க வேண்டிய கல்வி பதினேழு வயதில் தொடங்கினால், இடைப்பட்ட பத்து ஆண்டுகளை எவராலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஆகையால் பெற்றாருக்கும் உற்றாருக்கும் அயலவருக்கும் ஒரு வேண்டுகோள். அத்தகைய பிள்ளை உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ இருக்குமாயின், அருகிலுள்ள பாடசாலை அதிபரிடமோ கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ சென்று, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளும் பாடகர்களாக வேண்டியதில்லை. குருடனுக்குப் பாட்டுத்தான் தொழில் என்று முன்கூட்டியே முடிவுகட்டுவதும், கிருஷ்ண சந்திரருக்குக் குருட்டு வேடமே கொடுத்தவர்கள் செய்த தவறு போன்றதுதான். ஆசிரியராக, எழுதுவினைஞராக, சட்டம் கற்றவராக, தொலைபேசி இயக்குநராக அப்பிள்ளை வாழலாம். எது ஆனாலும், கற்பிக்க ஒருவரும் கற்க ஓரிடமும் முதலில் வேண்டும். கல்கத்தாவில் ஒரு சிறுவனுக்கு நூறு ஆண்டுகளுக்கு முன் அவை கிடைத்தன. நம் பிள்ளைகளுக்கும் அவை கிடைக்கச் செய்வது நம் கையிலே இருக்கிறது.